45,000 ரூபாய்க்கு ஒரு வெள்ளை ஷூ: வாங்கலாமா?

வெள்ளைஷூ_ஆசை:

கூச்சப்பட்டுக்கொண்டேதான் கேட்கிறேன், திட்டுகிறவர்கள் மெதுவாகத் திட்டவும். போனஸ் வந்துவிட்டது. வீட்டுக் கடன், அம்மாவின் கண் ஆபரேஷன், சீட்டுப் பணம் எல்லாம் எடுத்து வைத்தது போக 50,000 ரூபாயைப் பிரித்து, "இது உங்கள் காசு, என்னிடம் கணக்குச் சொல்ல வேண்டாம்" என்று மனைவியே கையில் கொடுத்துவிட்டாள். மூன்று வருடமாக நான் கண் வைத்திருப்பது காமன் ப்ராஜெக்ட்ஸ் என்ற டிசைனர் பிராண்டின் அகிலிஸ் என்ற ஸ்னீக்கர். இத்தாலியில் செய்வது. முழுக்க வெள்ளைத் தோல், லோகோ கிடையாது, குதிகால் ஓரத்தில் தங்க நிறத்தில் பத்து இலக்க எண் மட்டும். (அந்த எண்ணில் மர்மம் ஒன்றுமில்லை, மாடல், அளவு, நிறம், அவ்வளவுதான்.) இங்கே கைக்கு வந்து சேர 45,000 பக்கம் ஆகிறது. இதுவரை நான் வாங்கியதிலேயே விலை கூடிய ஷூ 5,500. எங்கள் மேனேஜர் இதே ஷூவை இரண்டு வருடமாகப் போடுகிறார், இன்னும் புதிதாகவே இருக்கிறது. அவர் காரில் வருகிறார், நான் சோழிங்கநல்லூரிலிருந்து பைக்கில் போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மடங்கு விலைக்கு எட்டு மடங்கு தரம் இருக்கிறதா, இல்லை பெயருக்குத்தான் காசா?

சும்மா_படிக்கிறேன்:

வாசலிலேயே கழற்றிப் போடுகிற பொருளுக்கு 45,000-ஆ? யார் வீட்டுக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், சில டாக்டர்களிடம் போனாலும்கூட முதலில் அதைத்தான் வெளியே விடுகிறோம். போன ஆடி வெள்ளியன்று ஒரு கோயிலில் என் 400 ரூபாய்ச் செருப்பையே எவனோ மாட்டிக்கொண்டு போய்விட்டான். உங்கள் ஷூவை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் சாமி கண்ணுக்குத் தெரியுமா?

கணக்குப்புலி:

உணர்ச்சியை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. ஆக 45,000-க்குள் ஏறக்குறைய 6,860 ரூபாய் ஜிஎஸ்டி மட்டும். இறக்குமதி வரி அதற்கு முன்பே விலையில் ஏறிவிடும். அடுத்தது, "நல்ல பொருள், பல வருடம் உழைக்கும்" என்று சொல்வார்கள். 4,500 ரூபாய் ஷூவை 150 நாள் போட்டால் நாளுக்கு 30 ரூபாய். உங்கள் ஷூ அந்த 30 ரூபாய்க்கு இறங்க 1,500 நாள் போட வேண்டும். வருடத்துக்கு 250 வேலை நாள் என்று வைத்தால் ஆறு வருடம். அதுவும் மழையிலும் போட வேண்டும். போட மாட்டீர்கள். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் அது பீரோ மேலேதான் இருக்கும். அப்புறம் நீங்கள் பைக் என்கிறீர்கள். கியர் போடும் இடது கால் ஷூவின் மேல் ஒரு கறுப்புக் கோடு விழுமே, அதற்கு என்ன செய்வதாக உத்தேசம்?

வெள்ளைஷூ_ஆசை:

கியர் கோடு! மூன்று வருடமாக யோசித்தும் இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

ஆம்பூர்க்காரன்:

தம்பி, நான் பதினெட்டு வருடமாக ஷூ கம்பெனியில் இருக்கிறேன். முதலில் கட்டிங், அப்புறம் லாஸ்டிங் (தைத்த தோலை அச்சுக்கட்டையில் இழுத்து மாட்டுவது), இப்போது க்வாலிட்டி செக்கிங். எங்கள் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முழுக்க இதே பிழைப்புதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

விலை கூடிய ஷூவில் நிஜமாகவே காசு போகிற இடங்கள் உண்டு. முதலாவது தோல். ஒரு தோலை விரித்தால் முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிறும் கழுத்தும் இழுத்தால் தொளதொளவென்று வரும். நல்ல கம்பெனி ஷூவின் முன்பக்கத்துக்கு முதுகில்தான் வெட்டும், மற்றதை உள்ளே தெரியாத இடத்துக்கோ ஒதுக்கிலோ தள்ளிவிடும். விலை குறைக்க வேண்டும் என்றால் எல்லா இடத்திலும் வெட்டுவார்கள். மாட்டின் மேல் முள் கீறலும் உண்ணிக் கடியும் சூட்டுத் தழும்பும் இருக்கும், அதையெல்லாம் மேலாகத் தேய்த்து எடுத்துவிட்டு மேலே கனமாகப் பூச்சு அடிப்பார்கள். இதைக் கரெக்டட் கிரெய்ன் என்போம். கடையில் பார்த்தால் அதுதான் வழவழவென்று அழகாகத் தெரியும். ஆறு மாதம் நடந்த பிறகு விரல் மடியும் இடத்தில் வெடிக்கும்.

இதில் வெள்ளைக்கு ஒரு தனிச் சங்கதி இருக்கிறது. கறுப்பையும் பழுப்பையும் சாயத்தில் ஊறவைத்துத் தோலுக்குள்ளேயே ஏற்றிவிடலாம், வெள்ளையை அப்படிச் செய்ய முடியாது, மேலே பூசித்தான் ஆக வேண்டும். எனவே 45,000 ரூபாய் ஷூவாக இருந்தாலும் வெள்ளைத் தோல் என்றால் மடிப்பு தெரியத்தான் செய்யும். உங்கள் மேனேஜர் ஷூவைக் குனிந்து பாருங்கள், விரல் மடியும் இடத்தில் கோடு இருக்கும். மேலே இருந்து பார்த்தால் புதிதாகத் தெரிவதற்குக் காரணம் அவர் நடக்காததுதான்.

இரண்டாவது உள் லைனிங். முழுக்கத் தோல் லைனிங் என்றால் வியர்வையை இழுத்துக்கொள்ளும். துணி, ரெக்சின் லைனிங் குதிகாலில் முதலில் கிழியும்.

மூன்றாவது சோல் ஒட்டும் விதம். பெரும்பாலான ஸ்னீக்கர் வெறும் பசையில்தான் நிற்கிறது. பசை ஒன்றும் மோசமில்லை, ஒழுங்காகத் தேய்த்து, ப்ரைமர் போட்டு, சூடாக்கி அழுத்தினால் நன்றாக நிற்கும். ஆனால் கிண்ணம் மாதிரி விளிம்பு உயர்ந்த சோலில் அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, உட்கார வைத்துச் சுற்றிலும் தைத்தால் அது இன்னொரு பலம். நீங்கள் சொல்லும் மாடலில் இத்தாலியின் மார்கோம் கம்பெனி ரப்பர் சோல், பக்கத் தையலோடு வருகிறது. நல்ல வேலைதான், மறுக்க மாட்டேன்.

சரி, இதற்கெல்லாம் 45,000 ஆகுமா என்றால், ஆகாது. கடையில் 100 டாலருக்கு விற்கிற சாதாரண பிராண்டு ஷூ தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது 25 டாலரைச் சுற்றித்தான் இருக்கும், மிச்சமெல்லாம் கப்பல், வரி, விளம்பரம், கடை வாடகை, லாபம். டிசைனர் பெயர் என்றால் இந்த விகிதம் இன்னும் விரிந்துவிடும். என் கைப்பட்ட அனுபவத்தில் 8,000-லிருந்து 12,000 வரை ஏறும்போது தரமும் கூட ஏறுகிறது. அதற்கு மேல் தரம் ஒரு படி ஏறினால் விலை பத்துப் படி ஏறுகிறது.

"இத்தாலியில் செய்தது" என்பதற்கும் மயங்க வேண்டாம். பலென்சியாகாவின் ட்ரிபிள் எஸ் என்ற பெரிய பூட் மாதிரி ஸ்னீக்கர் 2017-இல் வந்தது, முதலில் இத்தாலியில்தான் செய்தார்கள், அடுத்த வருடமே சீனாவுக்கு மாற்றினார்கள். விலையைக் குறைத்தார்களா? இல்லை. அங்கே செய்தால் எடை குறைவாக வருகிறது என்று காரணம் சொன்னார்கள். ஒரு வகையில் உண்மையாகவும் இருக்கலாம், சீனாக்காரன் ஸ்னீக்கர் வேலையில் கெட்டிக்காரன். இங்கே செய்யாறு சிப்காட்டில் தைவான்காரர்கள் நைக்கிக்கு வருடக்கணக்காகச் செய்து கொடுக்கவில்லையா? சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து தைக்கும் ஷூதான் எங்கெங்கேயோ போகிறது. கை எந்த ஊர்க் கை என்பதைவிட அந்தக் கைக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்பதுதான் வேலை.

இன்னொன்று, சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். தோல் விலை கூடினாலும் குறைந்தாலும் பதனிட்ட தண்ணீர் பாலாற்றில்தான் போனது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொல்லும்வரை கேட்க ஆளில்லை, சொன்ன பிறகும் எங்கள் கிணறுகள் முழுசாகத் திரும்பவில்லை. ஷூ வாங்கும்போது அதை நினைக்கச் சொல்லவில்லை. எங்களுக்கு மறக்காது, அவ்வளவுதான்.

வெள்ளைஷூ_ஆசை:

அண்ணா, மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாக எந்தக் கடையிலும் யாரும் சொன்னதில்லை. 8,000 - 12,000-க்குள் வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

ஆம்பூர்க்காரன்:

முன்பக்கத்தை லேசாக மடித்துப் பாருங்கள். மெல்லிய சுருக்கமாக விழுந்தால் நல்லது, பிளாஸ்டிக் மாதிரி ஒரே பெரிய மடிப்பாக விழுந்தால் பூச்சு கனம். சோல் விளிம்பில் தையல் இருந்தால் நகத்தால் நெருடிப் பாருங்கள், பல ஷூவில் தையல் போலவே அச்சில் வார்த்திருப்பார்கள், நூலே இருக்காது! உள்ளே இருக்கும் அட்டையைத் தூக்கினால் அடியிலும் தையல் தெரிய வேண்டும். மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். இத்தாலி லாஸ்ட், அதாவது ஷூ செய்யும் அச்சுக்கட்டை, ஒடுக்கமானது. அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே, அவர்கள் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை அளந்து, நம் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலம் என்று கண்டு, "பா" என்ற பெயரில் இந்தியாவுக்கென்றே அளவு முறை பரிந்துரைத்திருக்கிறார்கள். இதை 45,000 கொடுத்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டாம்.

ஓட்டக்காரி:

நான் கேட்க நினைத்தது வேறு. காலுக்கு ஏதாவது செய்கிறதா, இல்லையா? விலை கூடிய ஓட்டப் பந்தய ஷூ ஏதோ ஒன்று செய்கிறது. 2017-இல் நைக்கி வேப்பர்ஃப்ளை 250 டாலருக்கு வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் அந்த நுரையும் உள்ளே இருக்கும் கார்பன் தகடும் மாரத்தான் நேரங்களையே மாற்றிவிட்டன, 2020-இல் உலகத் தடகள அமைப்பு சோல் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு தகடுதான் இருக்கலாம் என்று விதி போட வேண்டியதாயிற்று. 2023 பெர்லினில் எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா 2:11:53-இல் ஓடிப் பெண்களுக்கான அன்றைய உலக சாதனை செய்தாரே, அவர் போட்டிருந்த அடிடாஸ் 500 டாலர், ஒரு ஷூ 138 கிராம்தான், ஒரு மாரத்தானுக்குத்தான் என்று விற்றவர்களே சொன்னார்கள். அநியாய விலைதான், ஆனால் அந்தக் காசு எங்கே போனது என்று காட்ட முடியும். உங்கள் வெள்ளை ஷூவில் நீங்கள் பஸ் பிடிக்கக்கூட ஓட முடியாது, அடியில் கட்டை ரப்பர். நாள் முழுக்க நிற்பதற்கு 7,000 ரூபாய் ஓட்ட ஷூ அதைவிடச் சுகம். என் ஓட்ட ஷூக்களை 600, 700 கிலோமீட்டரில் மாற்றிவிடுகிறேன், அதற்கு மேல் நுரை செத்துவிடுகிறது, முட்டி சொல்லிக் கொடுக்கும்.

பர்மாபஜார்_ரசிகன்:

இவ்வளவு பேச்சு எதற்கு? ஃபர்ஸ்ட் காப்பி 2,800. நான் போட்டுக்கொண்டு போனேன், ஆபீஸில் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. லோகோவே இல்லாத ஷூவில் காப்பியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள், சொல்லுங்கள்?

ஆம்பூர்க்காரன்:

கண்டுபிடிக்க வேண்டாம், நாலாவது மாதம் அதுவே வாயைத் திறந்து சொல்லிவிடும்.

பர்மாபஜார்_ரசிகன்:

திறந்தால் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்தால் சுற்றிலும் மெழுகு நூல் போட்டுத் தைத்துத் தருகிறார். நீங்கள் சொன்ன பக்கத் தையல் வந்துவிட்டது. மொத்தம் 3,000.

ஆம்பூர்க்காரன்:

இதற்கு எனக்குப் பதில் இல்லை. 😄 ஆனாலும் அடுத்தவன் பெயரைப் போட்டு விற்பது திருட்டுதான். 3,000-க்கு நம் ஊர்ப் பெயரிலேயே நல்ல ஷூ கிடைக்கிறது, அதை வாங்கிக்கொண்டு போங்கள்.

பெட்டிக்குள்_ஷூ:

விலை கூடியது நிறைய நாள் வரும் என்பவர்களுக்கு என் கதை. 2013-இல் ஒரு பிரபல கூடைப்பந்து ஷூ, பழைய மாடலின் மறுபதிப்பு, அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டு வந்தான். போட மனமில்லாமல் பெட்டியிலேயே வைத்திருந்தேன், வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துடைத்து, பார்த்து, திரும்ப வைப்பேன். 2022-இல் தங்கை ரிசப்ஷனுக்கு முதல் முறையாகப் போட்டேன். மேடைக்கு ஏறும்போது காலடியில் ரஸ்க் நொறுங்குவது போல ஒரு சத்தம். இறங்கும்போது சிவப்புக் கம்பளம் முழுக்க வெள்ளைத் தூள், ஷூவின் அடிப்பாகம் பாதிக்கு மேல் மேடையிலேயே தங்கிவிட்டது. வீடியோக்காரர் அதையும் எடுத்து ஆல்பத்தில் சேர்த்துவிட்டார்.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த மாதிரி ஷூக்களின் நடு சோல் பாலியூரிதேன். காற்றில் இருக்கும் ஈரமே அதன் மூலக்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும், போட்டாலும் போடாவிட்டாலும். சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போட்டு நடந்துகொண்டிருந்தாலாவது அதற்குள் காசுக்கு உழைத்திருக்கும். எனவே "பத்திரமாக வைத்துப் போடுவேன்" என்று நினைத்து எதையும் வாங்காதீர்கள். உங்கள் மாடல் ரப்பர் சோல் என்பதால் இப்படித் தூளாகாது, அது ஒரு ஆறுதல்.

முதலீடு என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். 2022 பிப்ரவரியில் சதபீஸ் ஏலத்தில் லூயி வுய்ட்டான் - நைக்கி ஏர்ஃபோர்ஸ் ஒன் 200 ஜோடி, மொத்தம் 2.5 கோடி டாலருக்கு மேல் போனது. அதைப் பார்த்து நானும் நாலு ஜோடி வாங்கினேன். இன்னும் நாலு ஜோடியும் என்னிடம்தான் இருக்கிறது.

லண்டன்_சப்பாத்து:

இங்கே இதை ட்ரெய்னர்ஸ் என்பார்கள், நாங்கள் வீட்டில் சப்பாத்து என்றுதான் சொல்வது. மகன் பல்கலைக்கழகத்துக்குப் போன வருசம் பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசில் கோல்டன் கூஸ் வாங்கினான், 400 பவுணுக்கு மேலே. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது புதிதாக வரும்போதே தேய்ந்து, அழுக்குப் பட்டு, பழசு போலத்தான் வரும், வெனிஸ் பக்கத்து நிறுவனம், கையால் தேய்த்துத்தான் அப்படி ஆக்குகிறார்கள். அந்த நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா வந்து நின்றவ. பேரன் ஊத்தைச் சப்பாத்தோடு படிக்கப் போகிறானே என்று இரவிரவாகப் பிரஷ் போட்டு உரஞ்சி, வெள்ளைப் பொலிஷும் அடித்து, வாசலில் காய வைத்துவிட்டா. காலையில் மகன் நின்ற கோலம் இருக்கிறதே! ஏச முடியவில்லை, அழவும் முடியவில்லை. அம்மம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான், "இதை ஊத்தையாக்க எவ்வளவு காசு எடுத்தவங்கள்?"

வாங்கத்தான் வேண்டும் என்றால் ஒருபோதும் முழு விலைக்கு வாங்காதீர்கள். இங்கே நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) மறுநாள் தொடங்கி ஜனவரி முழுக்க மலிவு விற்பனை, பிஸ்டர் (Bicester) மாதிரி, பெரிய பிராண்டுகள் மலிவாக விற்கும் அவுட்லெட் ஊர்களும் இருக்கிறது. வெள்ளையை அவ்வளவாகக் குறைக்க மாட்டார்கள், அது எப்போதும் விற்கும். சாம்பல், கடற்படை நீலம் போன்றவை பாதிக்கும் கீழே வரும்.

சும்மா_படிக்கிறேன்:

அம்மம்மாவுக்கு என் சாஷ்டாங்க நமஸ்காரம்.

மேலூர்_மைனா:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் நான் மறுபக்கம் பேசுகிறேன். லட்ச ரூபாய் போனை நாலு வருடத்தில் தூக்கிப் போடுகிறோம், அதற்கு யாரும் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஷூ என்றால் மட்டும் ஏன் இந்தப் பாடு?

எங்கள் பள்ளியில் புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம், வெள்ளை கேன்வாஸ் ஷூ. என்னிடம் இருந்தது அக்கா போட்டுப் பழசானது. செவ்வாய் இரவே கழுவிப் போடுவேன், மழைக்காலத்தில் காயாது, காலையில் வகுப்பிலிருந்து எடுத்துவந்த சாக்பீஸை நனைத்து ஈரத்தின் மேலேயே தேய்த்துக்கொண்டு போவேன். பிரேயர் முடிவதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாகத் தெரியும், நிழலில் நின்றால் தெரியாது என்று வேப்ப மரத்தடி வரிசையில் போய் நிற்பேன். முப்பத்திரண்டு வயதில் ஒரு பெரிய பெயரின் வெள்ளை ஷூ 28,000-க்கு வாங்கினேன். ஆம்பூர் அண்ணன் சொல்வது போலத் தோலில் கோடு விழுந்தது, சோல் தேய்ந்தது. மழையிலும் போட்டேன், சந்தைக்கும் போட்டேன். ஐந்தாவது வருடம் ஓடுகிறது. தரத்துக்காக வாங்கினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கடன் இல்லாத காசு, வீட்டில் கொடுத்த காசு, வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. ஆனால் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

கணக்குப்புலி:

அக்கா, உங்கள் கணக்கு என் கணக்கில் வராது, ஆனால் தப்பு என்று சொல்லவும் முடியவில்லை. அந்த இடது ஷூ கோட்டுக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன். கியர் லீவருக்கு ரப்பர் உறை 50 ரூபாய்க்குள் கிடைக்கும்.

வெள்ளைஷூ_ஆசை:

பதினொரு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஆம்பூர் அண்ணன் போட்டுப் பார்க்கச் சொன்னார், இங்கே அதை வைத்திருக்கும் கடை எதுவும் எனக்கு அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை மாலை மேனேஜரிடமே கேட்டுவிட்டேன். முதலில் ஒரு மாதிரி பார்த்தார், அப்புறம் மீட்டிங் ரூம் கதவைச் சாத்திவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் 42. உள்ளே தோல் நிஜமாகவே வெண்ணெய் போல இருந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் சுண்டு விரல் பக்கம் நல்ல இறுக்கம், பத்து அடி நடந்ததும் வலித்தது. "எனக்கும் அப்படித்தான், அதனால்தான் மேசைக்கு அடியில் கழற்றி வைத்துவிடுகிறேன்" என்றார் மேனேஜர். இரண்டு வருடம் புதிதாகவே இருந்த ரகசியம் இதுதான். 43 வாங்கினால் குதிகால் கழலும் என்றும் அவரே சொன்னார்.

நேற்று 9,400-க்கு வேறொன்று வாங்கினேன். வெள்ளைதான், பக்கத் தையல், நகத்தால் நெருடிப் பார்த்தேன், நூல் இருக்கிறது. கியர் லீவருக்கு உறையும் வாங்கியாயிற்று, 40 ரூபாய். மிச்சம் காசை மனைவியிடம் திருப்பிக் கொடுத்தேன், கணக்குச் சொல்ல வேண்டாம் என்றேனே என்று வாங்க மறுத்துவிட்டாள். மைனா அக்கா, உங்கள் பேச்சும் மனதில் இருக்கிறது. அகலக் காலுக்கு ஏற்ற டிசைனர் ஷூ யாராவது செய்தால் சொல்லுங்கள், காசு அப்படியே இருக்கிறது.

ஆம்பூர்க்காரன்:

வாங்கிய ஷூவின் அட்டையைத் தூக்கி அடியில் ஒரு போட்டோ போடுங்கள், தையல் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன்.

சும்மா_படிக்கிறேன்:

மீட்டிங் ரூமில் மேனேஜர் சாக்ஸோடு நின்ற கதைக்குத் தனி இழை வேண்டும்.